பொம்மை பிழைத்தது

என் மனைவிக்கு நடிப்பு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கல்யாண வீட்டில்கூட நாலு சொல் சேர்த்துக் கதைக்காத மனுசி. படம் எடுக்கிறவன் 'சிரியுங்கோ அன்ரி' என்றால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வாள். அப்படிப்பட்ட யோகமலர், நாலு வருடத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் இருபத்தாறு தடவை நோயாளியாகப் படுத்திருக்கிறாள். வலிப்பு, ஆஸ்துமா, குளவி கொட்டியது என்று எல்லாம் செய்தாள். பார்க்கிறவன் பயந்துபோவான்.

நீங்கள் டொக்டர் டில்ஷானியைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பிள்ளையையும் தாதி ரிஸ்கானையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாக அறிந்துதான் இந்த விசாரணைக்கு நானாகவே வந்தேன், ஐயா. அவர்கள் ஒரு பிழையும் விடவில்லை. சொல்லிக் கொடுத்ததை அச்சொட்டாகச் செய்தார்கள். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடம் தாதியாக இருந்தவன். ஒருநாள் பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் இளந்தாயைக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேர் ஓடிவந்தோம். ஐந்து பேரும் ஒரே குழாயை எடுக்கப் போனோம், நெஞ்சை அமுக்க ஒருவரும் இல்லை. ஆள் இல்லாமல் அவள் சாகவில்லை, ஆள் கூடித்தான் செத்தாள். அதன் பிறகு நிர்வாகத்தின் காலைக் கையைப் பிடித்து இந்த ஒத்திகை அறையை வாங்கினேன். ஒரு பொம்மை, இரண்டு கட்டில், ஒரு பக்கத்தால் மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கணினியும் மைக்கும் நானும்.

பொம்மையிடம் 'எங்க நோகுது' என்று கேட்க எவருக்கும் வாய் வராது. ஆகவே நோயாளி கதைக்கும் கட்டம் வரைக்கும் யோகமலர், இதயம் நின்றபின் பொம்மை. நான் மைக்கில் 'நோயாளிக்கு நினைவு தப்பிவிட்டது' என்றதும், அவளுடைய கட்டிலைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பொம்மையின் நெஞ்சை அமுக்கத் தொடங்குவார்கள். அவளுக்கு ஊசி குத்துவதில்லை, குழாயைத் தோலில் ஒட்டுவதோடு சரி. மருந்து என்பது தண்ணீர், அதுவும் கிண்ணத்துக்குள் போகும். முகமூடியில் ஒட்சிசன் வராது. தலைமாட்டுத் திரையில் ஓடும் துடிப்புகூட அவளுடையது அல்ல, நான் கணினியில் போடுவது.

மெய்யாகவே ஏதும் நடந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தோம். யோகமலர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் நான் 'இஞ்சாருங்கோ' தான். அதையே ஒத்திகையை நிறுத்தும் சொல்லாக்கினோம். டில்ஷானி கொட்டாஞ்சேனைப் பிள்ளை, எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்குப் பெரிய பகிடி. "சேர், என்ட மனுசனை இப்பிடிக் கூப்பிட்டா, ஆரைக் கூப்பிடுறாய் எண்டு திரும்பிப் பாப்பார்" என்பாள். ரிஸ்கான் சொல்லிச் சொல்லிப் பழகினான்.

போன ஆவணியில் ஒருநாள் யோகமலர் நடுவில் 'இஞ்சாருங்கோ' என்று கத்தினாள். எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். பார்த்தால், கால் விறைத்துப்போச்சாம். எனக்குக் கோபம் வந்தது. இவர்களுடைய காது வேலையில் இல்லை, அந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்று விளங்கியது. "இனி அதுவும் நடிப்புத்தான். நான் மைக்கில நிப்பாட்டச் சொல்லும் மட்டும் ஒருத்தரும் நிப்பாட்டக் கூடாது" என்றேன்.

டில்ஷானி மட்டும் முகம் சுளித்தாள். "அது சரியில்ல சேர். அன்ரிக்கு மெய்யா ஏதும் நடந்தா?"

"அதுக்குத்தானே நான் இருக்கிறன்" என்றேன்.

யோகமலரிடம் இந்த மாற்றத்தைச் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள், பயந்தால் நடிப்புக் கெட்டுவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெளிநாட்டிலிருந்து இரண்டு மதிப்பீட்டாளர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் சரி என்றால் மற்ற ஆஸ்பத்திரிக் குழுக்களும் எங்களிடம் வந்து பழகும். எத்தனை உயிர் தப்பும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் வெள்ளவத்தை வீட்டில், யோகமலர் சாமிப்படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். "நெஞ்சுக்குள்ள ஒருமாதிரிக் கிடக்கப்பா. இண்டைக்கு வேற ஆரையும் பிடிக்கேலாதே?" என்றாள்.

"இண்டைக்கு உமக்கு நெஞ்சுவலிதானே. அதை அங்க வந்து சொல்லும்" என்றேன்.

சிரித்தாள். அவள் சிரித்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் இழுத்துக்கொண்டு போகவில்லை. அவளே சீலை மாற்றி வந்து ஓட்டோவில் ஏறினாள்.

பத்து மணி ஐந்துக்குத் தொடங்கினோம். டில்ஷானி தலைமாட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வேலை கொடுத்தாள். ஒருவர் மேல் ஒருவர் முட்டவில்லை. மூன்றாவது நிமிடத்தில் யோகமலரின் நெற்றி நனைந்திருந்தது. வழக்கமாக வியர்வைக்கு நாங்கள் தண்ணீர் தெளிப்போம், அன்று மறந்துவிட்டோம். அவள் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பி அந்தச் சொல்லைச் சொன்னாள்.

டில்ஷானியின் கை நின்றது. அவளும் கண்ணாடியைப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் தன் முகம்தான் தெரியும். என் பக்கத்தில் இருந்த மதிப்பீட்டாளர்களுக்குத் தமிழ் விளங்காது. நோயாளி என்ன சொல்கிறாள் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். புருஷனைக் கூப்பிடுகிறாள் என்றேன். மிகவும் இயல்பாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். நான் மைக்கில் 'தொடருங்கள்' என்றேன். தொடர்ந்தார்கள்.

அவள் இன்னொரு தரம் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கண் மூடியது. 'நோயாளிக்கு நினைவு தப்பிவிட்டது' என்று மைக்கில் சொன்னேன். கட்டிலைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளினார்கள். பதினோராவது விநாடியில் பொம்மையின் நெஞ்சில் கை வைத்துவிட்டார்கள். எங்கள் அறையில் அதுவரை அப்படி ஒரு வேகம் இல்லை. ஆறு நிமிடம் வேர்க்க விறுவிறுக்க அமுக்கினார்கள். பிறகு நான் திரையில் துடிப்பைத் திருப்பிப் போட்டேன். பொம்மை பிழைத்தது. மதிப்பீட்டாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"அன்ரி, எழும்புங்கோ, நாங்க பாஸ்" என்று சிரித்துக்கொண்டே ரிஸ்கான் திரைச்சீலையை விலக்கினான்.

அதன் பிறகு நாற்பது நிமிடம் டில்ஷானி அவளுடைய நெஞ்சை அமுக்கினாள். "அன்ரி, அன்ரி" என்று அழுதுகொண்டே அமுக்கினாள். விலா முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் பக்கத்தில் நின்று நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு வேறொன்றும் செய்ய வரவில்லை. இப்போது வீட்டுக்குப் போகவே மனமில்லை, ஐயா. அவளுடைய செருப்பு வாசலில் கிடக்கிறது. அதை எடுத்து வைக்க என்னால் ஏலவில்லை.

நடிப்பு என்று நினைத்தேன் என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். செத்தவீட்டில் அவளுடைய தமையன் என் சேட்டுக் கழுத்தைப் பிடித்து உலுக்கியபோதும் அதைத்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது மெய்போல ஆகிவிட்டது. ஆனால் நீங்கள் எழுதுகிறீர்கள், சரியாகச் சொல்லிவிடுகிறேன். அவள் அன்று கத்தவில்லை. மற்றவர்கள் கேட்கவேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. குசினிக்குள் நின்று, மேல் தட்டில் இருக்கும் போத்தலை எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிடுவாளே, அந்தக் குரல். முப்பத்தொரு வருடம் கேட்ட குரல் எனக்குத் தெரியாமல் போகுமா?

'தொடருங்கள்' என்று சொல்வதற்கு முன்னால், மைக்கை அணைத்துவிட்டு, அவளுக்கு நான் பதில் சொன்னேன்.

"வாறனப்பா. ஒரு அஞ்சு நிமிசம் பொறும்."