மூணு வாரமாக் கசியுற வால்வு

...கசியுதுன்னா சும்மா இல்ல மேடம், மூணு வாரமா! எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளுக்குள்ளயே உஸ்ஸுன்னு ஆவி போய்க்கிட்டே இருக்கு. நம்ம ஆஸ்பத்திரி லாண்டரி மிஷின நிறுத்தினாலும் துணி வேகுது. நேத்து ஒரு டாக்டரோட கோட்டு பொம்மைக்குப் போடுற அளவுக்குச் சுருங்கிப்போச்சு. அவரு வந்து பாத்தாரு பாருங்க ஒரு பார்வ... சரி, போல்ட்டெல்லாம் கழட்டியாச்சு, மேல்மூடியத் தூக்குங்க. நான் தூக்கவா? வேணாமா? வால்வுக் கம்பெனி ஆளு நீங்க, உங்க வண்டவாளத்த உங்க கண்ணாலயே பாருங்க.

மேனேஜர்கிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன், வால்வுக்குள்ள மூடி உக்காருற சீட்டே மட்டம்னு. வால்வு தப்புன்னா புதுசு வரும். மாட்டினவன் தப்புன்னா என்னைத் துணி மடிக்கிற மேசைல உக்கார வச்சிடுவாராம். இருபத்திரெண்டு வருசம் ஆவிக் குழாயோட குடும்பம் நடத்தினவன், தலகாணி உறைய மடிக்கிறதா?

நானா தப்புப் பண்ணுவேன்? வால்வு மூடுற சக்கரத்துல பைப்பச் சொருகி முறுக்கினேனா? இல்ல. குழாய ஊதிச் சுத்தம் பண்ணாம மாட்டினேனா? அதுவும் இல்ல. மாட்டுறதுக்கு முன்னாடி நாலு பேரச் சுத்தி நிக்க வச்சு, தெறந்த குழாய் மேல குனிஞ்சு அரை மணி நேரம் வகுப்பே எடுத்தேன். மணலு, வெல்டிங் துணுக்கு, எது விழுந்தாலும் சீட்டு ஒட்டி மூடாது, அந்த இடுக்குல ஆவி பாஞ்சு பாஞ்சு சீட்டையே அரிச்சுடும்னு தொண்ட வத்தச் சொன்னேன். போதும் ரேடியோ, மாட்டுங்கன்னானுங்க. ரேடியோன்னா நாந்தான்.

அன்னைக்கு வீட்டுலயும் சண்ட. என் கல்யாணத்துக்கு மாமனார் கட்டிவிட்ட தங்கப் பல்ல என் வாயில காணோம். சாப்பாட்டுல கல்லப் போட்டு என்னைப் பல்ல முழுங்க வச்சிட்டியேன்னு பொண்டாட்டியக் கேட்டேன். அன்னைலேருந்து அவ பேசல. நான் மட்டும்தான் பேசிக்கிட்டிருக்கேன். அது எப்பவும் அப்படித்தான்னு வைங்க...

என்ன மேடம் சிரிக்கிறீங்க? லைட்ட இப்படிக் காட்டுங்க. சீட்டு மேல என்ன மினுக்குது? பித்தளைத் துணுக்கா? பாத்தீங்களா, நான் சொல்லல? உங்க கம்பெனிச் சரக்கு... இருங்க. நசுங்கி, தகடாட்டம்... பல்லு மாதிரி... ஐயோ, என் தங்கப் பல்லு...

மேடம்... இல்ல, தங்கச்சி, ரிப்போர்ட்டு எழுதுறதக் கொஞ்சம் நிறுத்தும்மா. காரணம்ங்கிற இடத்துல என்ன போடப்போற? துணுக்குன்னா... வேணாம், பொய் வேணாம். வாய்னு போட்டுக்க. தலகாணி உறையும் மெத்துனுதான் இருக்கும்.

அந்தப் பல்ல மட்டும் குடுத்துடும்மா. அவகிட்ட காட்டணும். காட்டி என்ன சொல்றதுன்னுதான்... அட, எனக்கே ஒரு வார்த்த வரமாட்டேங்குது.