சடையன் பெயரில் ஒரு விதி

— போனு நல்லாத்தான் கீது பாப்பா, அது மேல சந்தேகப்படாத. செங்கத்துலருந்து என் பொண்ணு தெனமும் பேசுறா. உங்க மருத்துவ உதவி மையத்துலருந்துதான் அடிக்கவே மாட்டேங்குது.

— எப்பலருந்துங்கக்கா?

— ஆடி பொறந்ததுலருந்து. கூப்டற அளவுக்கு மலைல யாருக்கும் நோவு இல்ல போல, காளியாத்தா கண்ணத் தொறந்துட்டான்னு நெனச்சேன். ஆமா, இதக் கேக்கவா வாணியம்பாடிலருந்து புதூர்நாடு வரைக்கும் ஏறி வந்த?

— ஆமாங்கக்கா. நான் மையத்து ஆளு இல்ல. பேரு ஷாஹீன். அவங்களோட பழைய சாப்ட்வேர புதுசுக்கு மாத்திக் குடுத்த கம்பெனில வேலை பாக்குறேன். பழசுல சடையன்னு ஒரு பேரும் இந்த நம்பரும் இருந்துச்சு. அவரு யாருன்னு அங்க கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. எல்லாம் புது ஆளுங்க.

— எங்கூட்டுக்காரருதான். போன தைல நெஞ்சு வலி வந்து போய்ச் சேந்துட்டாரு. இதோ நிக்குதே ஜீப்பு, அவருதுதான். மின்ன மையத்துல இருந்த ஒரு சாரு இவருகிட்ட பேசி ஏற்பாடு பண்ணாரு. உங்க வேனு இந்த மேட்டுல ஏறாது. அதனால மலைலருந்து யாரு மையத்துக்கு அடிச்சாலும் மொதல்ல இந்த போனு அடிக்கும். ஆள ஜீப்புல போட்டுனு அடிவாரத்துக்கு எறக்குவோம். அங்க வேனு நிக்கும்.

— அவரு போனப்புறம்?

— நான்தான் ஓட்டுறேன். இன்னா அப்டி பாக்குற? அவரு இருக்கசொல்லவே பாதி நாளு நான்தான். பேரு அவரு பேரு, ஸ்டேரிங்கு என் கைல. இந்த ஜீப்புலயே பொறந்த புள்ளைங்க ஊருக்கு ஒண்ணு கீது.

— அக்கா... ஆடிக்கப்புறம் இந்தப் பக்கம் யாருக்காவது பிரசவத்துல ஏதாச்சும் ஆச்சா?

— இன்னாத்துக்குக் கேக்குற?

— சொல்லுங்கக்கா.

— என் தம்பி பொண்டாட்டி போய்ட்டா. வெண்ணிலா. மொதப் புள்ள. சாமைக்குக் காவலா மேல கொல்லைக் கொட்டாய்ல ரெண்டு பேரும் தங்கினு இருந்தாங்க. கிட்டத்துல வேற வூடே கெடையாது. விடிகாலத்துல வலி எடுத்துருக்கு. அந்தப் பாழாப்போனவன் ஒரு போனு பண்ல. வெயில் ஏறினப்புறம் தோள்ல தூக்கினு எறங்கி வந்தான். பாதி வழிலயே தாயும் புள்ளயும்... ஜீப்பு இங்க நிக்குது பாப்பா. டீசல் கீது. நான் கூழு கிண்டினு ஒக்காந்துனு கீறேன்.

— போன் பண்ணலன்னு அவரே சொன்னாரா?

— பண்ணேன்னுதான் சத்தியம் பண்ணான். எனக்கு நேரா அடிக்க அவன் போனுக்கு ரீசார்ஜ் இல்ல. காசில்லாம போற நம்பரு மையத்து நம்பருதான். அதுக்கு அடிச்சா இங்க அடிக்கும்னு மலைல கைப்புள்ளைக்கிக் கூடத் தெரியும். இங்க அடிக்கலயே! அப்ப பொய்தான? குடிச்சிட்டுக் கவுந்து கெடந்துருக்கான். ஊரு கூடி என்னியத்தான் கேட்டாங்க, அம்சவல்லி, உன் போனு அடிச்சிதான்னு. காளியாத்தா மேல ஆணையா அடிக்கலன்னேன்.

— நீங்க பொய் சொல்லலியேக்கா.

— நான் ஏன் சொல்றேன்? ஊர வுட்டே தள்ளிட்டாங்க. போறப்ப என் வாசல்ல வந்து நின்னான். மூஞ்சில அடிச்சாப்ல கதவ சாத்துனேன். கேரளாவுல எஸ்டேட்ல கீறான்றான் ஒருத்தன், எங்கியோ செத்துட்டான்றான் இன்னொருத்தன். எனக்கின்னா வந்துச்சி? நீ ஏன் பாப்பா அழுவுற?

— கொஞ்சம் தண்ணி தாங்கக்கா.

— இந்தா. மலை ஏறி வந்தது ஒத்துக்கல உனக்கு.

— அக்கா, பொறுமையா கேளுங்க. பழைய சாப்ட்வேர்ல ஊருக்கு ஊரு தனித்தனியா ரூல் எழுதி வெச்சிருந்தாங்க. இந்த ஊர்லருந்து கூப்ட்டா இவருக்கு அடி, அந்த ஊருன்னா அந்த வண்டிய அனுப்புன்னு. ஏகப்பட்டது. ஒவ்வொண்ணையும் புதுசுல திரும்ப எழுதறது பெரிய தலைவலி. எழுதத் தெரிஞ்ச ஆளும் இல்ல. அதனால எங்க கம்பெனில எல்லாத்தையும் சுருக்கி, யாரு வேணா டிக் அடிச்சிட்டுப் போற மாதிரி சுலபமாக்கிட்டாங்க.

— சுலபமா இருந்தா நல்லதுதான?

— நல்லதுன்னுதான் செஞ்சது. எந்த ஊரா இருந்தாலும் கிட்டத்துல நிக்கிற வேன் போகும், ஒரே ரூல். ஆளு பேரு போட்ட தனி ரூல மட்டும் வெச்சுக்கும். அந்த ஆளு உயிரோட இல்லன்னா, அதையும் தானாவே கழிச்சிடும். சடையன் காலமாயிட்டாருன்னு மையத்துல முன்ன இருந்தவங்க பதிஞ்சிருந்தாங்க.

— அவரு செத்தா இன்னா? நான் கீறேனே. ஜீப்பு கீதே.

— அது அதுக்குத் தெரியாதுக்கா. அதுக்குப் பேரு மட்டுந்தான் தெரியும்.

— இரு, இரு. அப்ப ஆடிலருந்து மையத்துக்கு யாரு அடிச்சாலும் இங்க...

— இங்க வராதுக்கா.

— எங்க தம்பி பேரு பழனி.

— தெரியும்க்கா. மையத்துல பேசுறதெல்லாம் பதிவாகும். அதக் கேட்டுட்டுத்தான் கெளம்பி வந்தேன். திரும்பத் திரும்பக் கூப்ட்டிருக்காரு. உங்க நம்பர் அவங்க ஸ்க்ரீன்லயே இல்ல. வேன் அடிவாரத்துல நிக்குது, நீங்க எறக்கிட்டு வாங்கன்னே சொல்லியிருக்காங்க.

— குடிச்சிருந்தானா?

— இல்லக்கா. நிதானமாத்தான் பேசுறாரு. பின்னாடி அந்தப் பொண்ணு கத்துற சத்தம் கேக்குது.

— அவன் இன்னா சொன்னான்?

— வேணாங்கக்கா.

— சொல்லு பாப்பா.

— "வேன வுடுங்க சார், எங்க அக்காவுக்கு அடிங்க. அவ காதுல வுழுந்தாப் போதும், எப்டியும் வந்துடுவா"ன்னு.