சனிக்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பணும்

கடகடகடன்னு ஒரு சத்தம்... கல்லு பாவின தெருவுல சக்கரப் பெட்டி உருண்டு போற சத்தம். பதினோரு வருஷம் ஆச்சும்மா, இன்னும் காதை விட்டுப் போகல. சனிக்கிழமை காலைல ஏழரை மணிக்கு! நான் அடுப்படியில முட்டை அவிச்சுக்கிட்டு நிக்கிறேன், ஃப்ளாஸ்க்ல காபி ஊத்தியாச்சு, என் ரூம்ல வாடகைக்கு இருந்தவ பாட்டுக்குப் பெட்டியை இழுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. சொல்லாம கொள்ளாம! மேசைமேல சாவி, பக்கத்துல நான் குடுத்த துண்டு, நாலா மடிச்சு. அவ்வளவுதான்.

உள்ள வா, உள்ள வா. ஷூவை அங்கயே கழட்டிடு. பேரு என்ன சொன்ன, நாத்தியாவா? ஜார்ஜியாவுலேர்ந்தா? நல்லது. இதான் ரூம். ஜன்னல்ல ஆப்பிள் மரம் தெரியும். எல்லாருக்கும் பொதுவான துணி துவைக்கிற ரூம்ல உன் முறை செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அஞ்சு நிமிஷம் தாண்டினா கீழ்வீட்டு பெங்ட் சீட்டு எழுதி ஒட்டிருவான், நேர்ல ஒரு வார்த்தை பேச மாட்டான்... உக்காரு. ஏலக்காய் பன் எடுத்துக்கோ.

எதுல விட்டேன்? ஆங், சியோரி. ஜப்பான் பொண்ணு. இந்த லுண்ட் ஊருக்குக் கட்டடக்கலை படிக்க வந்தவ. நான் என்ன குறை வச்சேன்னு நீயே சொல்லு. வந்த முதல் வாரமே கேட்டேன், கடலோரம் மேட்டுல கப்பல் மாதிரி கல்லு நட்டு வச்சிருக்காங்க, சனிக்கிழமை பாக்கப் போலாமான்னு. "ரொம்ப நல்லா இருக்கும்"னா. தலைய வேற ஆட்டினா. இந்த ஊர்ல ஆமான்னா ஆமாதானே? அடுத்த வாரம் கோட்டை. "கால் வலிக்குமோ, கொஞ்சம் யோசிக்கிறேன்"னா. கம்பளிக் காலுறை எடுத்துக் குடுத்தேன். அப்புறம் தேவாலயங்கள். முப்பத்தெட்டு! ஒரே வருஷத்துல! மழை, காத்து, எதுக்கும் நிக்கல. வண்டிய ஓரமா நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு கிடக்க, ரொட்டியில முட்டைய அடுக்கி, அதுமேல ட்யூப்லேர்ந்து மீன்முட்டைக் களிம்பைப் பிதுக்கி... ஆஹா. என் புருஷன் இருந்தப்பகூட நான் இப்படி ஊர் சுத்தினதில்ல. அவருக்கு டிவில பனிச்சறுக்குப் போட்டி ஓடினாப் போதும்.

என்ன, பன் காஞ்சு போச்சா? காபில தொட்டுக்கோ.

தேவாலய வாசல்ல ஒரு நோட்டு இருக்கும்ல, வந்தவங்க எழுதி வைக்க. நான் "குன்வோர், லுண்ட்"னு தேதி போட்டு முடிச்சிடுவேன். அவ குனிஞ்சு, அவ பாஷையில மூணு வரி, நாலு வரி எழுதுவா. எனக்குன்னா பெருமை தாங்கல! கவிதை எழுதறா பாருங்கன்னு பாதிரியாருங்ககிட்ட எல்லாம் சொன்னேன்.

அவ போனப்புறம் மனசு கேக்கல. திரும்ப ஒவ்வொரு தேவாலயமாப் போயி அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்தேன். முப்பத்தெட்டும்! லைப்ரரியில ஜப்பான் மொழி தெரிஞ்ச அம்மா ஒருத்தி இருந்தா. சத்தமாப் படிங்கன்னேன். படிச்சா. "இன்னிக்கும் மழை. காலுறை நனைஞ்சிடுச்சு. தூக்கம் வருது." அடுத்தது, "மறுபடியும் மீன்முட்டை." அதுக்கடுத்தது... "கடவுளே, நீங்க எந்த ஊர்க் கடவுளா இருந்தாலும் சரி, குன்வோர் அம்மாவுக்குச் சளி பிடிக்கட்டும். லேசாப் பிடிச்சாப் போதும்."

சிரி, சிரி. அந்த லைப்ரரி அம்மாவும் சிரிச்சா, கண்ணுல தண்ணி வர. கடைசி நோட்டுல மட்டும் ஒரே வரி. "இவங்க சந்தோஷமா இருக்காங்க. எப்படிச் சொல்றது?"

...ம்.

வாயத் திறந்து வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல? கால் வலிக்குமோன்னாளே, அவங்க ஊர்ல அதுக்கு வேணாம்னு அர்த்தமாம்! யோசிக்கிறேன்னா அதுவும் வேணாமாம்! லைப்ரரி அம்மா சொன்னா. எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாம என்ன... ரெண்டாம் மாசமே அவ மூஞ்சி கொஞ்சம் வாடித்தான் இருந்துச்சு. நான்தான் கேக்கல. கேட்டா எல்லாம் நின்னு போயிடுமோன்னு இருந்துச்சு. சனிக்கிழமை இந்த வீடு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது.

சரி, விடு. உன்னை எங்கயும் இழுக்க மாட்டேன். மத்தியானம் வரைக்கும் தூங்கு. அவளுக்கப்புறம் ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்களையும் நான் ஒண்ணும்... அதாவது, முதல்ல ஒண்ணும் சொல்லல. உனக்கு ஒரே ஒரு தடவை, டால்பி தேவாலயம் மட்டும், பத்தே கிலோமீட்டர், எட்டு மணிக்குக் கிளம்பினா பத்துக்குள்ள...

இரு, இரு, ஷூவை மாட்டாத. யோசிச்சு சொல்றேன்னு மட்டும் சொல்லிட்டுப் போகாதம்மா. மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. ரூம் வேணுமா, வேணாமா?

...

ஓ. வேணாமா.

உனக்கு எவ்வளவு சுலபமா வருது! இல்ல இல்ல, கோவமெல்லாம் இல்ல. நல்லதுதான். நிஜமாவே நல்லது. இன்னொரு பன் எடுத்துக்கோ, ரயில்ல தின்னலாம்.

யாரு, சியோரியா? கோபன்ஹேகன்ல இருக்கா. கட்டடம் வரையற ஆபீஸ்ல வேலை. இங்கேர்ந்து ரயில்ல முக்கா மணி நேரம்தான். ஒரு சனிக்கிழமைகூட நான் போனதில்ல.