ஒன்பது நாள் மருந்து

வாரத்துக்கு ஒருமுறை ஃப்ரிட்ஜைச் சோடா மாவு போட்டுத் துடைக்கிறவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிஸ் சாந்தினி. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் மருந்து கொடுக்கும் சன்னலில் நீங்கள் பார்த்த பார்வையில், என் ஃப்ரிட்ஜின் மேல் ஏதோ சந்தேகம் தெரிந்தது. நான் திருப்பிக் கொடுத்த இன்சுலின் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது.

"ஆன்ட்டி, இங்கருந்து போன மருந்து உங்க வீட்ல எங்கங்க இருக்குன்னு ஒண்ணு விடாம எழுதிக் கொண்டாங்க" என்றீர்கள். என் கணவரின் சர்க்கரை அளவு எழுதும் புத்தகத்தின் கடைசியில் நாலு பக்கம் காலியாக இருக்கிறது. அதிலேயே எழுதுகிறேன். எனக்கு எழுதப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு எப்போதும் ஜெரால்டின்தான் முதல்.

தோமஸை நீங்கள் நோயாளியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருடம் அவர் கெலாங் பாத்தாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் செகண்ட் லிங்க் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். விடியுமுன் கிளம்புவார், இருட்டிய பின் வருவார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படுத்துவிடுவார். குறையாகச் சொல்லவில்லை. வீடு வாங்கினோம், பையன் ஆலனைப் படிக்கவைத்தோம், அவன் பினாங்கில் நன்றாக இருக்கிறான். ஆனால் என் புருஷனின் காதோரம் நரைத்ததைக்கூட ஒரு கல்யாணப் படத்தில் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது முதல் குழாயைக் கிளினிக்கிலேயே ஊசிப் பேனாவில் மாட்டிக் கொடுத்தார்கள். மீதி நான்கு குழாய்கள் வீட்டுக்கு வந்தன. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் பீடத்துக்குத்தான் போகும். இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு அடியில் ஒன்பது நாள் இருக்கும், நான் நவநாள் செபம் சொல்வேன், பிறகுதான் புழக்கத்துக்கு வரும். ஆலனின் பரீட்சைப் பேனா, தோமஸின் மோட்டார் சைக்கிள் சாவி, என் மூக்குக் கண்ணாடி, எல்லாம் அப்படி வந்தவைதான். மூக்குக் கண்ணாடி இல்லாமல் ஒன்பது நாள் செபப் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தேன், அது வேறு கதை. பீடம் மேற்குச் சன்னலோரம் இருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட சின்னப் பெட்டி, உள்ளே சிவப்பு பல்பு. மத்தியானத்துக்கு மேல் அதில் கையை வைத்தால் இட்லிப் பானையைத் தொட்டதுபோல் இருக்கும்.

முதல் மாதம் சர்க்கரை ஏழு, எட்டு என்று ஒழுங்காக இருந்தது. பீடத்துக் குழாய்களுக்கு மாறியதும் பதினான்கு, பதினெட்டு, ஒருநாள் இருபத்திரண்டு. டாக்டருக்குக் காரணம் தெரியவில்லை. பத்து நாள் வேலைக்குப் போக வேண்டாம் என்று எம்.சி. கொடுத்தார்.

அந்தப் பத்து நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, மிஸ். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, ஆனால் பள்ளி விட்ட பிள்ளை மாதிரி இருந்தேன். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெக்கான் நானாஸ் போனோம். சாலையோரக் கடையில் அன்னாசியை வாங்கி நான் தின்றேன், அவர் மோந்து மட்டும் பார்த்தார். பத்து பாகாட் டவுனுக்குப் போய் ஒரே பூப்போட்ட துணியில் அவருக்குச் சட்டையும் எனக்குக் கவுனும் எடுத்தோம். இரண்டையும் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனபோது கோயிலே திரும்பிப் பார்த்தது. ஒரு மாலை சமையலறையில் ரேடியோவுக்கு ஆடினோம், அவர் என் காலை மிதித்தார். வலித்தது. அந்த வலிகூட இரண்டு நாள் போகாமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

எம்.சி. முடிந்து வேலைக்குப் போனார். புதுக் குழாய்கள் வந்தன, பீடத்துக்குப் போயின. சர்க்கரை மறுபடி ஏறியது, அவர் மறுபடி வீட்டுக்கு வந்தார். நான் மறுபடி கவுன் போட்டுக்கொண்டேன்.

எல்லோரும் அவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். டாக்டர் கேட்டார், "அங்கிள், ஒளிஞ்சு இனிப்பா தே தாரிக் குடிக்கிறீங்களா?" பாவம், தோமஸ் சத்தியம் செய்தார். "அலமாக், ஒண்ணுமே சாப்பிடல லா டாக்டர், ஜெர்ரிய கேளுங்க." நான் அவருக்காகப் பரிந்து பேசினேன். என் வீட்டில் ஒரு சிட்டிகை சீனி கிடையாது, நானே தேநீரில் சீனியை விட்டுவிட்டேன் என்றேன். அதெல்லாம் உண்மை. சாப்பாட்டுக் குறிப்பை ஒரு வேளை விடாமல் எழுதியதற்கு நர்ஸ் என்னைப் பாராட்டிக் கைதட்டினார். எல்லோரும் என்னைப் போல் இருந்தால் நோயே இருக்காது என்றார்.

கடைசியில் தோமஸே தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். "ஜெர்ரி, நான் தூக்கத்துல எழுந்து எதையாச்சும் தின்றேனா?" என்று கேட்டு, பூனைக்குக் கட்டும் சின்ன மணி ஒன்றை வாங்கி வந்து ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் கட்டினார். தான் திறந்தால் எனக்குக் கேட்க வேண்டுமாம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துப்போனது. இன்றுவரை அந்த மணி என் கைக்குத்தான் அடித்திருக்கிறது.

மழை மாதம் வந்தது. சன்னலில் வெயில் இல்லை. சர்க்கரை ஏழரைக்கு இறங்கியது, டாக்டர் முகம் மலர்ந்தது. கூட வேலை செய்யும் மகேஸ்வரன் விடியற்காலையில் வாசலில் ஹாரன் அடிக்க, தோமஸ் பிள்ளை மாதிரி ஓடினார். அந்த மாதம் முழுவதும் கவுன் அலமாரியில் தொங்கியது. ரேடியோவைக்கூடப் போடவில்லை. ஒருநாள் பீடத்தைத் துடைக்கும்போது திருஇருதயத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று பட்டது. சிவப்பு பல்பைக் கழற்றிவிட்டு அறுபது வாட் பல்பு போட்டேன். இரவும் பகலும் எரியட்டும் என்று விட்டேன்.

உங்கள் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறதே, மருந்துக்குப் பக்கத்தில் சூரியன் வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போட்டது. அதை எப்போது பார்த்தேன் என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். பல்பு மாற்றுவதற்கு ஐந்து மாதம் முன்பே பார்த்துவிட்டேன். இரண்டு முறை படித்தேன். பிறகு போய் தோமஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தார், நான்தான் முதலில் சிரித்தேன்.

காலில் கொப்புளம் வந்தபோது நான்தான் தினமும் கட்டுப்போட்டேன். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்த அன்று அழுதேன், அதில் பொய்யில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் காரில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இனி கியர் மிதிக்க முடியாது. உடனே நெஞ்சு லேசாகி, பலூன் வாங்கிய பிள்ளைபோல் ஆகிவிட்டது எனக்கு. பாட்டு முணுமுணுத்தேனாம். "என்ன ஜெர்ரி, பாடுற?" என்று அவர் கேட்டார். பயத்தை மறைக்கத்தான் என்றேன். என் கையைப் பிடித்து, "பயப்படாத லா, நான் இருக்கேன்" என்றார்.

இப்போது கண்ணிலும் ரத்தக் கசிவு. பேப்பரை நான்தான் படித்துக் காட்டுகிறேன். நல்ல செய்தியாகப் பார்த்துப் படிப்பேன். விடியற்காலையில் தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவர் முகம் அந்தப் பக்கம் திரும்புகிறது. மகேஸ்வரன் இன்னும் போகிறானா என்று கேட்டார். அவன் வேலையை விட்டுவிட்டான் என்றேன். ஏமாற்றத்தில் ஆள் வாடிவிடக்கூடாது பாருங்கள்.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். முதல் நான்கு குழாய்களையும், உங்கள் சுவரில் அந்தப் படத்தைப் பார்க்கும்வரை வந்தவற்றையும் தெரியாமல் வைத்தேன். அதற்குப் பிறகு வைத்த ஒவ்வொன்றும் தெரிந்து வைத்தது. இருபத்திரண்டு வருடம் சிங்கப்பூர் எடுத்துக்கொண்ட ஆளை நான் கேட்டு வாங்கவில்லை, மிஸ். பெட்டிக்குள் வைத்துச் செபம் சொன்னேன், அவர் வந்தார்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் மாற்றிக் கொடுத்த ஐந்து குழாய்களுக்கு நன்றி. நேராக ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னீர்கள், நான் மூன்று முறையும் தலையாட்டினேன். இன்று ஞாயிறு, ஆறாம் நாள். சற்று முன் தோமஸைப் பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பூப்போட்ட சட்டைதான் போட்டிருக்கிறார். பல்பின் சூடு முகத்தில் பட, "இதமா இருக்கு ஜெர்ரி" என்றார். நான் கவுனை ஒதுக்கிக்கொண்டு முழங்காலிட்டேன். அவருக்குச் சீக்கிரம் சுகம் கிடைக்க வேண்டும் என்று நான் கேட்க, அவர் ஆமென் சொன்னார்.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நவநாள் முடிந்ததும் இந்தப் புத்தகத்தை உங்களிடம் கொண்டுவந்து தருகிறேன்.