டாக்டரின் பெயர் வைத்த பிள்ளை

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ். முன்பெல்லாம் ஜன்னலோரம் கிடைத்தால் தூங்கிவிடுவேன். இப்போது முழங்கால் வலி விடுவதில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் தோளில் நிறைமாத மருமகள் சாய்ந்திருந்தாள்.

"அந்த டாக்டரு கெட்டவரா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள் மாமியார். எனக்கு முழங்கால் மறந்துபோனது.

"ஏங்க்கா அப்படிச் சொல்றீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கெட்டவரா இருந்தா கொழும்புல பெரிய பதவி குடுத்திருப்பாங்களா? எங்க தேயிலத் தோட்டத்து ஆசுபத்திரியில ராவும் பகலுமா நின்னு பிரசவம் பாத்த மனுசன். எம் மவன் பொறந்தப்பவும் அவருதான் பாத்தாரு. அவரு பேரையே வச்சோம். எங்க லயத்து வரிச வீடுங்கள்ல அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா நாலு பேரு திரும்புவானுங்க."

"இப்ப அவரு என்ன செய்றாரு?"

"நாட்டுல உள்ள ஆசுபத்திரிக்கெல்லாம் தரம் பாக்குறாரு. தோட்டத்துல புள்ள பெத்தா தரமில்லையாம். டவுனுக்குத்தான் போவணும்னு அவரே சட்டம் கொண்டாந்து எங்க பிரசவ வார்ட்ட மூட வச்சிட்டாரு."

"டவுன்ல நல்லாத்தானே பாப்பாங்க?"

"போய்ச் சேந்தா பாப்பாங்க. நோயாளிய ஏத்திப் போற தோட்டத்து லொறி ஒடஞ்சு கெடக்கு. அதுக்கு ஒரு சட்டமும் போடலியே."

பஸ் ஒரு வளைவில் குலுங்கியது. மருமகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். மாமியார் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தாள்.

"பேரப்புள்ளைக்கு யாரு பேருக்கா வைக்கப் போறீங்க?"

மாமியார் முன்பக்கம் பார்த்தாள்.

"டைவரு பேரு என்னன்னு கேட்டு வை."