இறங்கியாச்சு

போன்ல என் குரல் கேட்க இதமா இருக்கும்னு சொல்வாங்க சார். விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில காலைல உட்கார்ற அம்மாகூட ஒரு தடவை, "நீங்க பேசினா நம்பிக்கையா இருக்குங்க"ன்னாங்க. இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்த விஷயத்துல அந்த அம்மா மேல எந்தத் தப்பும் இல்ல. அவங்களை விட்டுடுங்க.

எங்க வேலை உங்களுக்குப் புதுசா இருக்கலாம். முதுகுல ஒரு மோட்டார், தலைக்கு மேல துணி இறக்கை, பாராமோட்டார்ங்கறது அவ்வளவுதான். முன்னாடி ஒரு சீட்டு மாட்டி இன்னொருத்தரையும் கூட்டிட்டுப் பறக்கலாம். மோட்டார் காதுக்குப் பின்னாடியே கத்துறதால, பக்கத்துல விமானமே வந்தாலும் கேட்காது. அதனால தரையில நிக்கிறவர் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணி, ஏறும்போது "ஏறுறோம்"னு சொல்லணும், கீழே வந்ததும் "இறங்கியாச்சு"ன்னு சொல்லணும். அந்த வார்த்தை வர்ற வரைக்கும், வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானத்தை அவங்க கிளம்ப விடமாட்டாங்க. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான். பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூடப் பிசகினதில்லை.

பறந்தவன் என் தங்கச்சி வீட்டுக்காரன். மாப்பிள்ளை, மாப்பிள்ளைன்னு தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடினேன். காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னுகூடத் தெரியாம வந்தவன் சார், கையைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தேன். அவன்தான் போன வருஷம் என் உரிமத்துக்கு உலை வெச்சான். எனக்கு அப்பப்போ கண்ணு இருட்டுதுன்னு மருத்துவக் குழுவுக்கு எழுதிப் போட்டுட்டான். கூட இருந்தே குழி பறிச்சுட்டு, என் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து சொல்றான்: "கோவிச்சுக்காதீங்க மச்சான். அன்னிக்கு முன் சீட்டுல எம் பொண்ணு இருந்தா."

இருந்தா. நான் இல்லைன்னு சொல்லலையே. ரெண்டு மூணு நொடி எனக்குக் கண்ணு சொருகுச்சு, மரத்தை உரசிட்டோம், குழந்தைக்குத் தோள்ல நாலு தையல். அதுக்குப் போய் இவ்வளவா? எதுவானாலும் முதல்ல என்கிட்ட சொல்லியிருக்கலாம். சொன்னான்தான், ரெண்டு தடவை. ஆனா எழுதிப் போடுவேன்னு சொல்லலையே.

அப்புறம் பெரிய மனசு பண்ணி, "தரையை நீங்க பார்த்துக்கோங்க மச்சான், உங்களை மாதிரி நம்பிக்கையான ஆள் எனக்கு வேற யாரு"ன்னான். அவன் பறப்பான், நான் போனைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பார்ப்பேன். வயிறு எரியும். ஒருத்தர்கிட்டயும் காட்டிக்கலை.

அன்னிக்கு அவன் பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்தேன். அலட்சியமான ஆள் இல்லை சார் நான். ஏழு மணிக்கு ஏறினான். ஏழு பத்துக்குப் போன் பண்ணி, "இறங்கியாச்சும்மா"ன்னேன். "சரிங்க, விமானத்தை அனுப்பிடறேன்"னாங்க. அவன் அப்போ வாய்க்காலுக்கு மேல கையாட்டிக்கிட்டு இருந்தான். நானும் கையாட்டினேன்.

உடனே கீழே வரச் சொல்ல ஒரு சிவப்புத் துணி வெச்சிருக்கோம். விரிச்சா போதும், பார்த்துடுவான். அது என் காலடியில மடிச்சபடியே கிடந்துச்சு. விமானச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு, அவனுக்குக் கேட்டிருக்காது. விமானிக்கு எதிர்வெயில், அவருக்கும் தெரிஞ்சிருக்காது. மோதினதுல அவரும் போயிட்டார்ங்கறது வருத்தம்தான். அவர் மேல எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

தங்கச்சி என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. "நீ கீழேயே நின்னியே அண்ணா, உன்னால ஒண்ணும் பண்ண முடியலையா"ன்னு கேட்டா. முடியலைம்மான்னு தலையைத் தடவிக் கொடுத்தேன். பாவம், அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?

போன் பதிவைப் போட்டுக் காட்டினீங்க. என் குரல்தான், மறுக்கலை. தெரிஞ்சுதான் சொன்னேன், அவன் சாகணும்னுதான் சொன்னேன். எழுதிக்கோங்க. ஆனா நான் பொய் சொன்னேன்னு மட்டும் எழுதாதீங்க. ஏழு பதினாறுக்கு அவன் இறங்கிட்டான். நான் ஆறு நிமிஷம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான் சார்.