ஆமென் வரைக்கும்

கிழக்கேகோட்டையில் பூவாறு பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டில் இருந்தவள் பக்கத்திலிருந்த நாத்தனாரிடம் சொன்னாள்: "டாக்டருக்கு உங்க அண்ணனத் தெரியாது, கேட்டியா."

"மூச்சு எவ்வளவு இருக்குன்னு குழாயில ஊதச் சொல்லிப் பாத்தாவல்லா மைனி. எல்லாம் நார்மல்னுதான சொன்னாவ?"

"அது நமக்கு நார்மல். சின்ன வயசிலேருந்து கடல்ல முங்கி சிப்பி எடுக்குற ஆளுக்கு நெஞ்சு வேற. அதுல கொஞ்சம் கொறஞ்சு போனாலும் குழாய்க்கு நார்மலாத்தான் தெரியும்."

"அண்ணன் என்ன சொல்லுது?"

"தண்ணி கலங்கலா கெடக்கு, அதான் சீக்கிரம் மேல வந்துட்டேன்னு சொல்லும்."

பஸ்ஸின் பின்பக்கம், ஜன்னலோரம் அகலமான மார்புள்ள ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"பின்ன உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் மைனி?"

"அவரு முங்கினதும் நான் பாறையில நின்னு விசுவாசப் பிரமாணச் செபம் சொல்லத் தொடங்குவேன். கல்யாணம் ஆனதிலேருந்து அப்படித்தான். முழுசும் சொல்லி ஆமென் சொன்ன பொறவுதான் தலை வெளிய வரும். இப்ப பாதியிலயே வந்திருது. வந்து பாறையப் பிடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நிக்குது. மீதிய நான் வேகமா சொல்லி முடிச்சிருவேன்."

வண்டி கரமனைப் பாலத்தில் ஏறியது.

"இத டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"உங்க அண்ணனும் பக்கத்துலதான இருந்தாரு. இது காதுல விழுந்தா, நாளைக்கு ஆமென் வரைக்கும் கீழேயே இருக்கப் பாப்பாரு."